‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு மிகவும் நெருக்கமான ஆல்பம் இது. கேட்டுப் பாருங்கள் என்று நான் கொடுத்தவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகளோடுதான் திரும்பி வருகிறார்கள். அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ராக் இசை பழக்கமில்லாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம்.

இது யாருடைய ஆல்பம்?

பிங்க் ஃப்ளாய்ட் என்ற இங்கிலாந்து இசைக்குழுவின் ஆல்பம். 1965-இல் லண்டனில் உருவான குழு. இந்த ஆல்பம் வந்தபோது குழுவில் நான்கு பேர்: ரோஜர் வாட்டர்ஸ் (பாஸ் கிட்டார், பாடல் வரிகள்), டேவிட் கில்மோர் (கிட்டார்), ரிச்சர்ட் ரைட் (கீபோர்டு), நிக் மேசன் (டிரம்ஸ்). 1975 ஜனவரியிலிருந்து ஜூலை வரை லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் பதிவாகி, அந்த செப்டம்பரில் வெளியானது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. தலைப்புக்கு ‘நீ இங்கே இருந்திருக்கலாமே’ என்று பொருள் கொள்ளலாம்.

ஐந்தே பாட்டுதானா?

ஐந்துதான். மொத்தம் சுமார் 44 நிமிடம். முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் உண்மையில் ஒரே பாட்டின் இரண்டு பாதிகள்: ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்’. இரண்டும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 26 நிமிடம், அதாவது ஆல்பத்தில் பாதிக்கு மேல். நடுவில் ‘வெல்கம் டு த மெஷின்’, ‘ஹாவ் எ சிகார்’, தலைப்புப் பாட்டு.

இந்த அமைப்பு தானாக வந்துவிடவில்லை. ‘ஷைன் ஆன்’ பாட்டை 1974-லேயே மேடையில் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். அதோடு இன்னும் இரண்டு நீளமான பாட்டுகளும் கைவசம் இருந்தன. மூன்றையும் போட்டால் ஒரு ஆல்பம் ரெடி என்பது கில்மோரின் எண்ணம். வாட்டர்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த இரண்டையும் தள்ளி வைத்துவிட்டு, ‘ஷைன் ஆன்’ பாட்டை இரண்டாக வெட்டி முன்னும் பின்னும் வைத்து, நடுவில் அதே உணர்வைத் தொடும் புதிய பாட்டுகளை எழுதலாம் என்றார். குழுவும் அதன் பக்கமே போனது. தள்ளி வைத்த இரண்டும் வேறு பெயர்களில் 1977-இல் ‘அனிமல்ஸ்’ ஆல்பத்தில் வந்தன. வாட்டர்ஸ் அன்று விட்டுக்கொடுத்திருந்தால் நமக்கு நல்ல பாட்டுகள் கொண்ட ஒரு ஆல்பம் கிடைத்திருக்கும். இது கிடைத்திருக்காது.

யாரைப் பார்த்து ‘இங்கே இருந்திருக்கலாமே’ என்கிறார்கள்?

சிட் பாரெட்டை. இவரைத் தெரிந்துகொள்ளாமலும் ஆல்பத்தை ரசிக்கலாம். தெரிந்துகொண்ட பிறகு அது வேறொரு ஆல்பமாகிவிடும்.

பாரெட் 1946 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் பிறந்தவர். வாட்டர்ஸும் கில்மோரும் அதே ஊரில் வளர்ந்தவர்கள்தான். பிங்க் ஃப்ளாய்ட் என்ற பெயரை வைத்தது பாரெட். ஆரம்பகாலப் பாட்டுகளில் பெரும்பகுதியை எழுதியதும், பாடியதும், கிட்டார் வாசித்ததும் அவர்தான். 1967-இல் வந்த ‘ஸீ எமிலி ப்ளே’ அவருடைய பாட்டு. அதே வருடம் வந்த முதல் ஆல்பமும் ஏறக்குறைய முழுக்க அவருடைய கைவண்ணம். அப்போது அவருக்கு 21 வயது.

அந்த வருடம் முடிவதற்குள் அவர் கைநழுவிப் போய்விட்டார். எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளை நிறைய எடுத்துக்கொண்டிருந்தார், மனமும் நிலைகுலைந்தது. எது காரணம், எது விளைவு என்பதில் அவரோடு பழகியவர்களே ஒத்துப்போவதில்லை. மேடையில் எல்லோரும் ஒரு பாட்டை வாசிக்க, இவர் ஒரே சுரத்தைத் தட்டிக்கொண்டு நிற்பார், அல்லது எதுவும் வாசிக்காமல் நிற்பார். கில்மோரை ஐந்தாவது ஆளாகச் சேர்த்துச் சமாளிக்கப் பார்த்தார்கள். 1968 ஜனவரியில் ஒரு நாள், சவுத்தாம்ப்டனில் கச்சேரி. வண்டியில் போகும்போது, சிட்டை ஏற்றிக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம், விடு என்று பதில் வந்தது. வண்டி போய்விட்டது. இவ்வளவுதான் நடந்தது. சண்டை இல்லை, கடிதம் இல்லை.

அது துரோகம் இல்லையா?

இந்தக் கேள்வியை நானும் பல வருடம் மனசுக்குள் உருட்டியிருக்கிறேன். துரோகம் என்று நான் சொல்லமாட்டேன். எல்லோரும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன்கள். மனநோய் என்றால் என்ன, நண்பனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தர அவர்களைச் சுற்றி ஆள் இல்லை. அதே சமயம் அதை ஒன்றுமில்லை என்று தள்ளிவிடவும் முடியாது. பாரெட் தனியாக வெளியிட்ட இரண்டு ஆல்பங்களும் 1970-இல் வந்தன. இரண்டிலும் கில்மோர் கூடவே இருந்து பதிவு செய்ய உதவினார், முதலாவதில் வாட்டர்ஸும் இருந்தார். பின்னாளில் பாரெட்டின் பாட்டுகளுக்கான ராயல்டி ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று கில்மோர் பார்த்துக்கொண்டார். அப்படிச் செய்கிறவர்களின் மனசில் ஒரு கணக்கு தீராமல்தான் இருந்திருக்கும். இந்த ஆல்பமும் அந்தத் தீராத கணக்கிலிருந்து வந்தது என்பது என் எண்ணம்.

பதிவு நடந்துகொண்டிருந்தபோது பாரெட்டே ஸ்டுடியோவுக்கு வந்தாராமே, உண்மையா?

உண்மை. ஜோடித்த கதை போல இருப்பதால் பலர் நம்புவதில்லை. நடந்தது 1975 ஜூன் மாதம். அன்று எடுத்த புகைப்படமும் இருக்கிறது.

‘ஷைன் ஆன்’ பாட்டுக்கு மிக்ஸிங் வேலை, அதாவது தனித்தனியாகப் பதிவான ஒலிகளைக் கலந்து சேர்க்கும் வேலை, நடந்துகொண்டிருக்கிறது. அறைக்குள் ஒரு ஆள் நிற்கிறார். பருத்த உடம்பு. தலை முழுக்க மழித்திருக்கிறது, புருவங்களும் இல்லை. பழைய மழைக்கோட்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் பை என்று மேசன் பின்னாளில் எழுதினார். யாருக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை. வாட்டர்ஸுக்குத் தெரிந்தவர் போலிருக்கிறது என்று ரைட் நினைத்துக்கொண்டார். வெகுநேரம் கழித்துத்தான் அது சிட் என்று ஒவ்வொருவருக்காக உறைத்தது. அப்போது அவருக்கு வயது 29. அவர்கள் மனசில் இருந்ததோ ஒல்லியான, சுருள்முடி வைத்த, பார்க்கிறவர் திரும்பிப் பார்க்கும் அழகுள்ள பையன். வாட்டர்ஸ் அழுதுவிட்டார்.

எனக்கு இதில் மிகவும் வலிப்பது தற்செயல் அல்ல. ‘நீ இங்கே இருந்திருக்கலாமே’ என்று பாடியவர்கள் முன்னால் அவர் வந்தே நிற்கிறார். அப்போதும் அவர்கள் தேடிய சிட் அங்கே இல்லை. ஆள் வந்துவிட்டால் ஏக்கம் தீர்ந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். அப்படித் தீராத ஒரு ஏக்கமும் இருக்கிறது. பாட்டை எழுதி முடித்த பிறகு பாட்டே உயிரோடு வந்து அவர்களுக்கு அதைச் சொல்லிவிட்டுப் போயிற்று.

முதல் பாட்டில் குரல் வரவே இவ்வளவு நேரமா?

ஆமாம், பாட ஆரம்பிப்பதற்கே எட்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும். ஓட்டிவிடாதீர்கள்.

முதலில் கேட்பது ஒரு மங்கலான ஸ்ருதி. கீபோர்டோடு, கண்ணாடிக் கோப்பைகளின் ஓசையும் அதில் கலந்திருக்கிறது. கோப்பைகளில் வெவ்வேறு அளவு தண்ணீர் ஊற்றி, விளிம்பை ஈரவிரலால் தேய்த்துப் பதிவு செய்தது. வீட்டுச் சாமான்களை மட்டுமே வைத்து ஒரு ஆல்பம் செய்யலாம் என்று 1973-இல் ஆரம்பித்துக் கைவிட்ட முயற்சியில் மிச்சமானது இது. அந்த ஸ்ருதிமேல் கில்மோரின் கிட்டார் மெதுவாகப் பேசிக்கொண்டு போகும். ஏறக்குறைய நான்காவது நிமிடத்தில் எல்லாம் அடங்கி, நான்கே நான்கு சுரங்கள் வரும். பி ஃப்ளாட், எஃப், ஜி, இ. மீண்டும் அதே நான்கு. மீண்டும்.

ஜி மைனர் என்ற சுரவரிசையில் போய்க்கொண்டிருக்கும் பாட்டில் அந்தக் கடைசி ‘இ’ உட்கார வேண்டிய இடத்தில் உட்காராது. ஒரு கேள்வி கேட்டுவிட்டு பதிலுக்குக் காத்திருப்பது போலத் தொங்கிக்கொண்டிருக்கும். பதிவுக்கு முன்பு ஒத்திகையில் கில்மோர் சும்மா வாசித்துக்கொண்டிருந்தபோது விழுந்த சுரங்கள் இவை. அதிலிருந்துதான் முழுப் பாட்டும் வளர்ந்தது. வரிகள் பின்னால் வந்தவை. வாட்டர்ஸுக்கு அந்த நான்கு சுரங்களைக் கேட்டதும் பாரெட் ஞாபகம் வந்திருக்கிறது. ஏன் என்று கேட்டால் விளக்க முடியாது. கேட்டுப் பார்த்தால் புரிந்துவிடும்.

அப்புறம் டிரம்ஸ் விழும், பாட்டு எழுந்து நடக்கும். ஒரு வழியாக வாட்டர்ஸின் குரல் வரும்போது, இளம் வயதில் சூரியனைப் போல ஒளிர்ந்தவனே என்று அவர் யாரையோ விளிக்கும்போது, அந்த எட்டு நிமிடக் காத்திருப்பும் பாட்டின் ஒரு பகுதிதான் என்பது தெரியும். முதல் பாதி டிக் பாரியின் சாக்ஸஃபோனோடு முடியும்.

நடுவில் இரண்டு பாட்டு கோபமாக இருக்கிறதே, பொருந்தவில்லையே?

கோபம்தான். இதற்கு முந்தைய ஆல்பமான ‘த டார்க் சைட் ஆஃப் த மூன்’ 1973-இல் வந்து இவர்களை உலகப் பணக்காரர்களாக்கிவிட்டது. சின்ன வயதில் ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, இனி என்ன என்று தெரியாத வெறுமையோடுதான் 1975-இல் ஸ்டுடியோவுக்குள் வந்தார்கள். ஒரே அறையில் உட்கார்ந்திருந்தார்கள், யாருக்கும் மனம் ஒட்டவில்லை. ஆக, அங்கே இல்லாமல் போனது பாரெட் மட்டும் இல்லை, அவர்களே இல்லை. ‘வெல்கம் டு த மெஷின்’ ஒரு இளைஞனை இசை வியாபாரம் வாய் திறந்து விழுங்குவதைக் காட்டுகிறது. சிந்தசைசரின் துடிப்பு ஒரு பெரிய ஆலைக்குள் நிற்கும் உணர்வைத் தரும். கடைசியில் லிஃப்ட் ஒன்று மேலேறும் ஓசை, கதவு திறக்கும், உள்ளே விருந்தின் சிரிப்புச் சத்தம். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றும் முதுகுத்தண்டில் குளிர்கிறது.

‘ஹாவ் எ சிகார்’ பாடுவது யார்? குரல் வேறாக இருக்கிறது.

ராய் ஹார்ப்பர். குழுவைச் சேர்ந்தவர் இல்லை, நண்பர். அதே ஸ்டுடியோவில் அவர் தன் ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார். வாட்டர்ஸின் குரல் களைத்திருந்தது. வரிகளில் இருந்த புலம்பலில் கில்மோருக்கு உடன்பாடில்லை, பாட மறுத்துவிட்டார். ஹார்ப்பர் வந்து பாடிக் கொடுத்தார். தானே பாடியிருக்கலாம் என்று வாட்டர்ஸ் பிற்பாடு வருந்தினார். எனக்கு ஹார்ப்பரே சரி என்று படுகிறது, ஏனென்றால் பேசுவது ஒரு ரெக்கார்டு கம்பெனிக்காரர். தோளில் கை போட்டு, உங்கள் இசை பிரமாதம் என்று புகழ்ந்துவிட்டு, உங்களில் பிங்க் என்பவர் யார் என்று கேட்கிறார். அப்படி ஒருவர் இருப்பதாக நினைத்து நிஜமாகவே அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி அது.

அதற்கு அடுத்த பாட்டு தொடங்கும்போது சத்தம் திடீரென்று சின்னதாகிவிடுகிறது. என் ஃபைலில் கோளாறா?

இல்லை, தலைப்புப் பாட்டு அப்படித்தான் தொடங்க வேண்டும். ஆல்பத்தில் எனக்கு மிகப் பிடித்த இடமே இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

‘ஹாவ் எ சிகார்’ முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது, இசை மொத்தமும் ஒரு சின்ன ரேடியோவுக்குள் உறிஞ்சப்படும். யாரோ ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றுகிறார். கரகரப்பு. ஆட்கள் பேசும் குரல். ஒரு நொடி ரஷ்ய இசையமைப்பாளர் சைக்காவ்ஸ்கியின் நான்காவது சிம்பொனி. கில்மோர் தன் கார் ரேடியோவிலிருந்து பதிவு செய்தவை இவை. பிறகு ஒரு ஸ்டேஷனில் 12 தந்திக் கிட்டார் சிக்குகிறது. தூரத்திலிருந்து, மெலிசாக, பழைய மீடியம் வேவில் கேட்பது போல. கேட்பவர் அங்கேயே நிறுத்துகிறார். ஒரு இருமல், மூச்சுச் சத்தம். ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்பது அப்போதுதான் நமக்குத் தெரிகிறது. அவர் தன் கிட்டாரை எடுத்து அந்த ரேடியோப் பாட்டோடு கூட வாசிக்க ஆரம்பிக்கிறார். இந்தக் கிட்டார் தெளிவாக, நம் அறையிலேயே இருப்பது போல ஒலிக்கும். இரண்டுமே கில்மோர் வாசித்தவைதான்.

ஒருவர் தூரத்தில், எட்ட முடியாத இடத்தில் வாசிக்கிறார். இன்னொருவர் இங்கே உட்கார்ந்து அவரோடு சேர்ந்து வாசிக்கிறார். அந்த முதல் ஆளுக்கு இது கேட்கவே கேட்காது. பாட்டின் ஒரு வார்த்தை வருவதற்கு முன்பே பாட்டு சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டது. சவுண்ட் எஃபெக்ட் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

தலைப்புப் பாட்டில் ஒரு பெரிய வயலின் கலைஞர் வாசித்திருக்கிறார் என்கிறார்களே?

ஸ்டெஃபான் கிராப்பெல்லி. பிரெஞ்சு ஜாஸ் வயலின் மேதை. அதே கட்டடத்தில் அப்போது இருந்தவரை அழைத்து வாசிக்க வைத்தார்கள். கடைசி மிக்ஸில் அவருடைய வயலின் காதில் விழாத அளவுக்குக் குறைந்துவிட்டது, அதனால் உறையில் பெயர்கூடப் போடவில்லை. 2011-இல் வந்த விரிவான பதிப்பில் அந்த வயலின் வடிவம் வெளியானது. அழகான வாசிப்பு. ஆனால் அந்தப் பாட்டுக்குத் தேவை தனிமை. குறைத்தது சரியான முடிவு.

ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாது. பரவாயில்லையா?

பரவாயில்லை. முக்கால்வாசி நேரம் வாத்தியங்கள்தான். வரிகளும் எளிய சொற்கள்தான்.

உங்களுக்கு ஏன் இந்த ஆல்பம்மேல் இவ்வளவு பிடிப்பு?

எனக்கு இதை அறிமுகப்படுத்தியது என் பெரியம்மா மகன். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். திருச்சியில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தார். ஹாஸ்டல் நண்பர் ஒருவரின் கேசட்டிலிருந்து 60 நிமிட டி.டி.கே. கேசட்டில் பதிவு செய்து, விடுமுறைக்கு வந்தபோது என் கையில் கொடுத்தார். லேபிளில் அவருடைய குண்டு எழுத்து, நீல மையில். ஒவ்வொரு பக்கத்திலும் சில நிமிடம் டேப் மிச்சம் இருந்திருக்கிறது. அதை வீணாக்க மனம் வராமல் இளையராஜாவின் வயலின் இசைத் துண்டு ஒன்றைப் பதிந்திருந்தார். இன்றும் எந்த ஸ்பீக்கரில் இந்த ஆல்பம் ஓடி முடிந்தாலும், அடுத்து அந்த வயலின் வரும் என்று என் காது எதிர்பார்க்கிறது.

அண்ணனுக்கு இருபதுகளின் நடுவில் சிசோஃப்ரினியா என்ற மனநோய் இருப்பது தெரியவந்தது. அதற்கு முன்பே ஒரு வருடம் போல அவர் பேச்சு குறைந்து, நண்பர்கள் குறைந்து, கிட்டார் மூலைக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டில் யாருக்கும் அதைப் பார்க்கத் தெரியவில்லை. வேலை கிடைக்காத கவலை என்றார்கள், யாரோ செய்வினை என்றார்கள், கோயில் கோயிலாகப் போனார்கள். மருத்துவம் தாமதமாகத்தான் தொடங்கியது. இப்போது மருந்து ஒழுங்காக எடுத்துக்கொள்கிறார், பெரியம்மாவோடு இருக்கிறார், காலையில் பேப்பர் படிக்கிறார், தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். பாட்டு பற்றிய பேச்சை நான் எடுத்தால், ம், என்பார். அவ்வளவுதான்.

இறந்தவர்களுக்கு அழுவதற்கு நம்மிடம் எல்லாம் இருக்கிறது. ஒப்பாரி இருக்கிறது, பதினாறாம் நாள் இருக்கிறது, வருடா வருடம் திதி இருக்கிறது. வந்து கையைப் பிடித்துக்கொள்ள ஊரே இருக்கிறது. உயிரோடு, எதிரில், அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை நினைத்து ஏங்குவதற்கு என்ன இருக்கிறது? வெளியே சொன்னால், அதான் நல்லா இருக்காரே, என்பார்கள். அந்த ஏக்கத்துக்கு எனக்குக் கிடைத்த இடம் இந்த ஆல்பம். அதில் பாடப்படுபவர் சாகவில்லை. பாடுகிறவர்கள் அவரைக் குணப்படுத்தவும் இல்லை, கைவிட்டதை மறைக்கவும் இல்லை. ஒளிர்ந்துகொண்டே இரு என்று சொல்கிறார்கள்.

ஒரு முறை பெரியம்மா வீட்டில் ஃபோனில் மெல்லிய சத்தத்தில் இதை ஓடவிட்டேன். அண்ணன் தினத்தந்தியைப் புரட்டிக்கொண்டிருந்தார். ரேடியோ ஸ்டேஷன் மாறும் அந்த இடம் வந்தது. பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, சைக்காவ்ஸ்கி தெறித்துப் போகும் நொடிக்குச் சரியாக ஒரு நொடி முன்பு, வலது கை ஆள்காட்டி விரலை உயர்த்தினார். ‘இதோ வருது பார்’ என்று அந்தக் காலத்தில் எனக்குக் காட்டுவாரே, அதே மாதிரி. பிறகு பக்கத்தைத் திருப்பினார்.

பாரெட்டை ‘பைத்தியக்கார மேதை’ என்று புகழ்கிறார்களே?

எனக்குப் பிடிக்காத பேச்சு. நோய் அவருக்குப் பாட்டு எழுதித் தரவில்லை. எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தியது. அவர் பிறகு கேம்பிரிட்ஜுக்கே திரும்பினார், சொந்தப் பெயரான ரோஜர் என்றே வாழ்ந்தார், ஓவியம் வரைந்தார், தோட்டம் பார்த்தார். அவர் வீட்டு வாசலில் காமிராவோடு போய் நின்ற ரசிகர்கள் செய்ததில் அன்பு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 2006 ஜூலை 7 அன்று 60 வயதில் காலமானார்.

மனசு சரியில்லாத நேரத்தில் கேட்கலாமா?

ஆளைப் பொறுத்தது. எனக்கு இது அழுத்தத்தைக் கூட்டுவதில்லை, இறக்கி வைக்கிறது. கேட்கக் கேட்க இன்னும் உள்ளே போகிறீர்கள் என்றால் நிறுத்திவிடுங்கள், பிறகு கேட்கலாம். உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ தூக்கம், பேச்சு, பழக்கவழக்கம் எல்லாம் மாறிக்கொண்டே போனால், எங்கள் வீட்டில் செய்தது போல நாளைக் கடத்தாதீர்கள். இந்தியாவில் இருப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குக் கட்டணமின்றி எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

அட்டைப் படத்தில் எரிகிற மனிதர் நிஜமா?

நிஜம். கம்ப்யூட்டர் வேலை எதுவும் இல்லை. கலிஃபோர்னியாவில் ஒரு சினிமா ஸ்டுடியோ வளாகத்தில், ரானி ராண்டெல் என்ற ஸ்டண்ட் கலைஞர் தீப்பிடிக்காத உடைக்கு மேல் கோட்டு சூட்டு போட்டு, தீ வைத்துக்கொண்டு கைகுலுக்கினார். காற்று திசை மாறியதில் மீசை கருகியது. ஆல்பம் உறைகளை வடிவமைக்கும் ஹிப்னாஸிஸ் நிறுவனத்தின் ஸ்டோர்ம் தோர்கர்சனின் யோசனை, படம் எடுத்தவர் ஆப்ரி பவல். உணர்ச்சியைக் காட்டினால் சுட்டுக்கொள்வோம் என்று உள்ளுக்குள் ஒதுங்கிப் போகிற மனிதர்கள் என்பது அவர்கள் மனசில் இருந்தது. இவ்வளவு பாடுபட்டு எடுத்த படத்தைக் கறுப்புப் பிளாஸ்டிக் உறைக்குள் மறைத்தே கடைக்கு அனுப்பினார்கள். படமும் ‘இல்லாமல்’ போக வேண்டும் என்பதுதான் நோக்கம்.

நால்வரும் பிறகு சேர்ந்து இதை வாசித்தார்களா?

எண்பதுகளில் வாட்டர்ஸுக்கும் மற்றவர்களுக்கும் கடும் சண்டை, கோர்ட் வரை போனது. 2005 ஜூலை 2 அன்று லண்டன் ஹைட் பார்க்கில், லைவ் 8 என்ற சேவை நோக்கக் கச்சேரியின் மேடையில், 24 வருடத்துக்குப் பிறகு நால்வரும் சேர்ந்து நின்றார்கள். வாசித்த நான்கு பாட்டில் ஒன்று ‘விஷ் யூ வேர் ஹியர்’. இங்கே இல்லாத எல்லோருக்காகவும், முக்கியமாக சிட்டுக்காக என்று வாட்டர்ஸ் சொல்லிவிட்டுத் தொடங்கினார். அடுத்த வருடம் பாரெட் போனார். 2008 செப்டம்பரில் ரைட் போனார். அந்த வீடியோவில் ரைட் கீபோர்டுக்குப் பின்னால் அமைதியாக உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள்.

‘டார்க் சைட்’ ஆல்பம்தானே உயர்ந்தது?

அது 1973-லிருந்து 1988 வரை அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் விற்பனைப் பட்டியலில் 741 வாரம் இருந்தது, அதன் பெருமையைக் குறைக்க எனக்கு விருப்பமில்லை. அது எல்லோரையும் பற்றிய ஆல்பம். இது ஒருவரைப் பற்றியது. கில்மோருக்கும் ரைட்டுக்கும் இதுவே பிடித்தது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான்.

எப்படிக் கேட்டால் நன்றாக இருக்கும்?

முதலிலிருந்து கடைசி வரை, வரிசை மாற்றாமல், இடையில் விளம்பரம் வராத இடத்தில். ஹெட்ஃபோன் இருந்தால் நல்லது. ‘ஷைன் ஆன்’ பாட்டின் இரண்டாம் பாதியில் இறுதிப் பகுதி ரைட் தனியாக எழுதியது. இசை மங்கி மறையும் கடைசி நொடிகளில், அவருடைய சிந்தசைசர் ‘ஸீ எமிலி ப்ளே’ மெட்டின் ஒரு துண்டை வாசித்துவிட்டுப் போகும். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தால்தான் பிடிபடும்.

கிட்டார் கற்றுக்கொண்டிருக்கிறேன். தலைப்புப் பாட்டு வாசிக்க முடியுமா?

முடியும். இ மைனர் 7, ஜி, ஏ 7 சஸ் 4 என்ற மூன்று கார்டுகளில் அந்தத் தொடக்கம் அடங்கிவிடும், விரல்கள் பெரிதாக நகர வேண்டியதில்லை. முதலில் அந்த ரேடியோக் கிட்டாரைப் பழகுங்கள். கை படிந்ததும் பதிவை ஓடவிட்டு, இரண்டாவது கிட்டார் நுழையும் இடத்தில் நீங்களும் நுழையுங்கள்.

இது பிடித்துவிட்டது. அடுத்து?

பலர் ‘டார்க் சைட்’ பக்கம் அனுப்புவார்கள். நான் 1967-க்கு அனுப்புகிறேன். ‘த பைப்பர் அட் த கேட்ஸ் ஆஃப் டான்’, பாரெட் இருந்த முதல் ஆல்பம். கடைசிப் பாட்டு ‘பைக்’ ஒரு சைக்கிளைப் பற்றியது. சிட் அதில் விளையாட்டாக, குறும்பாக, முழு உற்சாகத்தோடு பாடுகிறார்.